கதவடியில் வந்த வாடகைக் கடிதம்: ஒன்ராறியோவில் ‘ஏஜிஐ’ உயர்வை எதிர்ப்பது எப்படி?

நான் இருக்கும் கட்டடத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஸ்காபரோவில் இப்படியான உயரக் கட்டடங்கள் நிறைய. மலிவு வீடு என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை, ஆனால் ரொறொன்ரோவில் நம் சனம் பலருக்கு மலிவு வீடு என்றால் இதுதான். இருபது வருடத்துக்கு முன்னர் வந்து குடியேறியவர்கள் இன்னமும் 1,500 டொலர் அளவில் கட்டுகிறார்கள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவரிடம் வீட்டுக்காரர் எவ்வளவும் கேட்கலாம். ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடு வீட்டில் இருப்பவருக்குத்தான், வீட்டுக்கு அல்ல. பழைய ஆட்களுக்கு ஏன் திடீர் திடீரென்று பெரிய உயர்வுக் கடிதங்கள் வருகின்றன என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

எங்களுக்கு வந்த கடிதத்தைக் காலையில் கதவுக்குக் கீழால் தள்ளியிருந்தார்கள். பல்கனி திருத்தியது, எலிவேற்றர் மாற்றியது, லொபி புதுப்பித்தது என்று காரணம் போட்டு, மூன்று வருடத்தில் ஒன்பது சதவீதம் வழமையான உயர்வுக்கு மேலாகக் கேட்டிருந்தார்கள். இப்படி மேலதிகமாகக் கேட்பதுதான் ஏஜிஐ (அபவ் கைட்லைன் இன்கிரீஸ்). அன்று பின்னேரமே நான்காம் மாடி அக்கா ஒருவர் பிக்கரிங் பக்கம் பேஸ்மென்ட் தேடத் தொடங்கிவிட்டார். அவர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கடிதத்தைத் தீர்ப்பு என்று நினைத்துவிட்டார். அது வெறும் விண்ணப்பம். முடிவு சொல்ல வேண்டியது வீட்டுக்காரர், வாடகைக்காரர் வழக்குகளைத் தீர்க்கும் ஒன்ராறியோ மாகாணத் தீர்ப்பாயமான லான்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்ட், சுருக்கமாக போர்ட்.

இனி ஒவ்வொன்றாக வருவோம்.

முதலில்: உங்கள் வீடு எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோசனம் இல்லை.

2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடு என்றால், ஆண்டு உயர்வுக்கு உச்சவரம்பே கிடையாது. புதுக் கொண்டோக்கள் பல இதற்குள் அடங்கும். அதன் பிறகு புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்ட பேஸ்மென்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே நீங்கள் பிடித்துக்கொள்ளக்கூடியது இரண்டு விதிகளை மட்டும்: 90 நாள் முன்னறிவித்தல், 12 மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூட்டக் கூடாது என்பது. கசப்பான விஷயம்தான், ஆனால் இல்லாத உரிமையை இருப்பதாக நினைத்துச் சண்டைக்குப் போவதைவிட இதைத் தெரிந்திருப்பது மேல்.

வருமானத்தைப் பொறுத்து வாடகை கட்டும் அரச வீடு என்றால் அதன் பாதை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றப் பெரும்பாலான வீடுகளுக்கும், அதாவது பழைய அப்பார்ட்மென்டுகளுக்கும் பழைய வீடுகளுக்கும், அரசு ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும் ‘கைட்லைன்’ வீதம் பொருந்தும். அது எந்த வருடமும் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023, 2024, 2025 மூன்று வருடங்களும் 2.5தான். 2026க்கு 2.1. 2021இல் கோவிட் காரணமாகப் பூச்சியம். உயர்வு நடைமுறைக்கு வரும் திகதி எந்த வருடத்தில் விழுகிறதோ அந்த வருட வீதத்தைத்தான் பார்க்க வேண்டும், கடிதம் வந்த வருடத்தை அல்ல.

கைட்லைனுக்கு மேலே கேட்க வீட்டுக்காரருக்கு ஒரு வழி உண்டு. போர்டில் எல்5 என்ற விண்ணப்பத்தைப் போட வேண்டும். ஏஜிஐ கேட்கும் வழி அதுதான். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

கடிதத்தையும் கலண்டரையும் பக்கத்தில் வையுங்கள்

வாய்ச்சொல், வட்ஸ்அப் செய்தி, எலிவேற்றருக்குள் நிற்கும்போது சுப்பர் (கட்டடப் பராமரிப்பாளர்) சொன்னது எதுவும் வாடகை உயர்வு ஆகாது. கட்டுப்பாடு உள்ள வீட்டுக்கு என்1 படிவம் வர வேண்டும், கட்டுப்பாடு இல்லாத புது வீட்டுக்கு என்2. அது உயர்வுத் திகதிக்குக் குறைந்தது 90 நாள் முன்னதாக உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். ஜூலை 1இல் இருந்து கூட்டுவதாக இருந்தால் ஏப்ரல் 2க்குள் தந்திருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் போட்ட நாளில் இருந்து ஐந்தாம் நாள்தான் கிடைத்ததாகக் கணக்கு. ஆகவே மார்ச் 28க்குள் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். அதனால் கடித உறையை எறிந்துவிடாதீர்கள். தபால் முத்திரைத் திகதி சில நேரம் கடிதத்தைவிடப் பெறுமதி. கதவுக்குக் கீழால் வந்தது என்றால் அன்றைக்கே திகதி தெரிகிற மாதிரிக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாகக் கூட்டி 12 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். புதிதாகக் குடிவந்தவர் என்றால் வந்த நாளில் இருந்து 12 மாதம்.

இதில் ஒன்று பிழைத்தாலும் ‘இந்த அறிவித்தல் சட்டப்படி செல்லாது, சரியான அறிவித்தல் வரும்வரை பழைய வாடகையையே கட்டுவேன்’ என்று எழுத்தில் பதில் கொடுங்கள். ஆனால் பேசாமல் கட்டிக்கொண்டே போனால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சட்டத்துக்கு மாறாகக் கூட்டிய வாடகையை எதிர்த்து ஒரு வருடத்துக்குள் யாரும் விண்ணப்பிக்காவிட்டால் அது சட்டபூர்வமான வாடகை ஆகிவிடும். அறிவித்தலே தராமல் கூட்டியிருந்தாலும், தொடர்ந்து 12 மாதம் கட்டி, அந்த ஒரு வருடத்துக்குள் போர்டுக்குப் போகாமல் விட்டால் அதே கதிதான். 2020இல் கொண்டுவந்த திருத்தம் இது. ஏற்கெனவே கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கேட்பதற்கான படிவம் ரி1. கட்டணம் ஐம்பது டொலர் அளவில் வரும், வருமானம் குறைந்தவர்கள் அதைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். ஆனால் ஒரு வருடக் கெடுவை யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது.

எவ்வளவு கட்டுவது?

என்னிடம் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. ஒரு கணக்கோடு சொல்கிறேன்.

வாடகை 1,500 டொலர். 2026இல் கைட்லைன் 2.1 சதவீதம், அதாவது 31.50. அதற்கு மேல் ஏஜிஐயாக 3 சதவீதம், அதாவது 45. கடிதத்தில் 1,576.50 என்று போட்டிருப்பார்கள். போர்ட் தீர்ப்புச் சொல்லும்வரை நீங்கள் கட்ட வேண்டியது 1,531.50 மட்டும். மிச்ச 45ஐக் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

ஆனால் அந்த 45ஐச் செலவழித்துவிடாதீர்கள். தீர்ப்பு வீட்டுக்காரர் பக்கம் போனால் முதல் நாளில் இருந்து கணக்குப் பார்த்து நிலுவை கேட்பார்கள். வருடத்துக்கு 540 டொலர். விசாரணை ஒரு வருடத்தைத் தாண்டி இழுபடுவதும் உண்டு. சீட்டுக் கட்டுகிற மாதிரி மாதாமாதம் ஒரு தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

முழு வாடகையையும் நிறுத்துவது வேறு விஷயம். ரொறொன்ரோவில் 2017இல் பார்க்டேலிலும் 2023இல் தோர்ன்கிளிஃப் பார்க்கிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஏஜிஐயை எதிர்த்து வாடகை கட்டாமல் போராடின. பார்க்டேலில் அது பலனும் கொடுத்தது. ஆனால் அங்கே கட்டடம் கட்டடமாகச் சேர்ந்து நின்றார்கள், பின்னால் ஆதரவு இருந்தது. நீங்கள் தனியாக நிறுத்தினால் வீட்டுக்காரருக்கு உங்களை வீட்டைவிட்டு எழுப்ப நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

இன்னொன்று. சில இடங்களில் என்10 என்ற படிவத்தைக் கொண்டுவந்து ‘இதில் கையெழுத்து வைத்தால் விசாரணை, அலைச்சல் ஒன்றும் இல்லை’ என்பார்கள். கைட்லைனுக்கு மேல் 3 சதவீதம் வரை கூட்ட நீங்களே சம்மதிக்கும் உடன்படிக்கை அது. தெரியாமல் வைத்துவிட்டீர்களா? ஐந்து நாளுக்குள் எழுத்தில் ரத்துச் செய்யலாம்.

கோப்பைத் திறந்து பாருங்கள்

சண்டையின் உயிர்நாடி இதுதான். மற்றதெல்லாம் ஒழுங்குமுறை.

வீட்டுக்காரர் மூன்று காரணங்களுக்காகத்தான் ஏஜிஐ கேட்க முடியும்: மாநகர வரி வழக்கத்துக்கு மாறாக ஏறியது, பாதுகாப்புச் சேவைச் செலவு, பெரிய மூலதன வேலைகள். பாதுகாப்புக்கும் மூலதன வேலைக்கும் வருடத்துக்கு 3 சதவீதம், மொத்தம் மூன்று வருடம் என்பது உச்சம். வரிக்கு அந்த உச்சம் இல்லை. மின்சாரம், காஸ், தண்ணீர் செலவு ஏறியது என்று முன்பு கேட்கலாம். 2017இல் அந்த வழியை மூடிவிட்டார்கள்.

மூலதன வேலை என்றால் பில்லும் கட்டிய பணத்துக்கு ஆதாரமும் போர்டில் கொடுத்திருப்பார்கள். அவற்றின் பிரதியைக் கேட்பது உங்கள் உரிமை. சிடியில் தந்தால் ஐந்து டொலருக்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் சம்மதித்தால் மின்னஞ்சலிலும் வாங்கலாம். எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் சிடியில் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. அவர்கள் எதிர்பார்ப்பதே அதைப் பார்த்துக் களைத்துப்போவோம் என்பதைத்தான். நான்கு பேர் குசினி மேசையில் இருந்து, தேத்தண்ணியோடு, பங்கு பிரித்துக்கொண்டு வாசித்தோம். இரண்டாம் சனிக்கிழமை ஒரு பில் மாட்டியது. ‘நீர்க்கசிவுத் திருத்தம்’ என்று தலைப்பு. உள்ளே வரி வரியாகப் பார்த்தால் லொபிச் சுவருக்குக் கல் பதித்தது, அலங்கார விளக்கு, வரவேற்பு மேசை. கசிவு என்ற சொல் தலைப்புக்குக் கீழே எங்குமே இல்லை.

ஒவ்வொரு பில்லையும் பார்த்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்:

இந்த வேலை தேவையானதா? கட்டடத்தின் உறுதி, பைப், வெப்பம், மின்சாரம், காற்றோட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, சக்தி அல்லது தண்ணீர்ச் சேமிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு என்றால் செல்லும். வெறும் அழகுக்கும் ஆடம்பரத்துக்கும் செய்ததும், பெயின்ட் அடிப்பது போன்ற வழமையான பராமரிப்பும் செல்லாது.

பழையது உண்மையிலேயே பழுதா? நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததைக் கழற்றிப் புதிது போட்டால் அந்தச் செலவைப் பொதுவாக உங்கள் தலையில் கட்ட முடியாது. சேமிப்பு, பாதுகாப்பு, மாற்றுத்திறனாளி வசதி என்பவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. பழைய படங்கள் வைத்திருக்கும் அயலவர் யாராவது இருக்கிறார்களா? பிறந்தநாள் படத்தின் பின்னணியில் தெரிந்த பல்கனிக் கைப்பிடிகூட எங்களுக்கு உதவியது.

எப்போது முடிந்த வேலை? முதல் உயர்வுத் திகதிக்கு 90 நாள் முன்னால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முந்திய 18 மாதத்துக்குள் முடிந்த வேலைகள்தான் கணக்கில் வரும். அதற்கு முன் முடிந்ததும் இன்னும் முடியாததும் வெளியே.

பலன் ஐந்து வருடமாவது நிற்குமா? நிற்காது என்றால் அது மூலதன வேலையே இல்லை.

மானியம், காப்புறுதி, பழைய சாமான் விற்ற காசு ஏதாவது கிடைத்ததா? கிடைத்திருந்தால் செலவில் இருந்து கழிக்க வேண்டும். புது பொய்லர், எல்இடி விளக்கு போன்றவற்றுக்குத் தள்ளுபடித் திட்டங்கள் இருந்திருக்கலாம். நேரடியாகக் கேளுங்கள். கேட்காத வரை யாரும் தாமாகச் சொல்லப் போவதில்லை.

கீழ்த்தளத்தில் கடைகள் இருந்தால், அல்லது ஒரே பில்லில் பக்கத்துக் கட்டடமும் சேர்ந்திருந்தால், செலவு அவற்றுக்கும் பிரிந்திருக்கிறதா? கூட்டல் கழித்தல் பிழைகளும் இருக்கும். ஒரே பில் இரண்டு தடவை வந்திருப்பதும் உண்டு.

இவ்வளவையும் ஒரு எக்ஸெல் தாளில் பில் இலக்கம், தொகை, ஆட்சேபம், ஆதாரம் என்று போட்டு வையுங்கள். விசாரணையில் பேசப்போகிற ஐந்து நிமிடத்துக்கு இந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு சொல்: முதல் உயர்வுத் திகதிக்கு முந்திய 90 நாளுக்குள்ளோ அதற்குப் பிறகோ உங்கள் உடன்படிக்கை தொடங்கியிருந்தால் அந்த ஏஜிஐ உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. வேலை முடிந்த பிறகு, கூடிய வாடகையோடுதானே வந்திருக்கிறீர்கள்.

ஒழுகும் கூரையும் ஒரு சாட்சி

பல்கனிக்குப் பணம் கேட்பவர் குளியலறைப் பூஞ்சணத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் சட்டம் அதைச் சும்மா விடுவதில்லை. பராமரிப்புக் கடமையைப் பெரிய அளவில் மீறியிருந்தாலோ, மாநகர அதிகாரிகள் இட்ட திருத்த ஆணையை நிறைவேற்றாமல் விட்டிருந்தாலோ, போர்ட் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யலாம், அல்லது திருத்தி முடிக்கும்வரை உயர்வை நிறுத்தி வைக்கலாம்.

அதற்கு எழுத்தில் தடயம் வேண்டும். ‘சுப்பரிடம் எத்தனையோ தடவை சொன்னேன்’ என்பது தடயம் ஆகாது. திருத்த வேலைக்கான கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் மாநகரத்தின் 311 இலக்கத்தை அழையுங்கள். ரொறொன்ரோவில் மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களை ரென்ட்சேஃப்-ரிஓ என்ற மாநகரத் திட்டம் கண்காணிக்கிறது. பரிசோதகர் வந்து ஆணை எழுதினால் அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது, ‘எதற்கு அவரைக் காட்டிக்கொடுப்பான்’ என்று. காட்டிக்கொடுக்கவில்லை, கட்டுகிற காசுக்குக் கணக்குக் கேட்கிறோம்.

கதவைத் தட்டுங்கள்

ஏஜிஐ கட்டடம் முழுவதற்குமானது. ஒருவர் மட்டும் போய் நின்றாலும் பேசலாம், ஆனால் ஐந்நூறு பக்கத்தை ஒருவர் வாசிக்க முடியாது. எங்கள் முதல் கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள், அதுவும் சலவை அறையில். தமிழில் ஒரு பக்கம், உருதுவில் ஒரு பக்கம், டகாலொக்கில் ஒரு பக்கம் எழுதி ஒட்டியதும் அடுத்த கூட்டத்துக்கு முப்பது பேர்.

அயலவர் சார்பில் பேசுவதென்றால் அவர்களின் கையெழுத்தோடு அனுமதிக் கடிதம் வாங்கி வையுங்கள். சங்கம் சேர்வதைத் தடுப்பதும், அதற்காகத் தொல்லை கொடுப்பதும் வீட்டுக்காரருக்குக் குற்றம். நீங்கள் உரிமை கேட்டதற்காகவே எழுப்பப் பார்த்தார்கள் என்று தெரிந்தால் போர்ட் வெளியேற்ற ஆணையை மறுத்தே ஆக வேண்டும். இதை வயதான அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பயம் வாடகையில் இல்லை, ‘பிரச்சினைக்காரர்’ என்று பேர் வாங்குவதில்தான்.

உதவிக்கு ஆள் உண்டு. உங்கள் பகுதியில் இருக்கும் சமூகச் சட்ட உதவி நிலையம் குறைந்த வருமானக்காரருக்கு இலவசம். சிலவற்றில் தமிழ் பேசுபவர்களும் இருக்கிறார்கள், அழைக்கும்போதே கேளுங்கள். ஏஜிஐயை எதிர்க்கும் வாடகைக்காரர் குழுக்களுக்கு ரொறொன்ரோ மாநகரம் உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. கவுன்சிலர் அலுவலகத்தில் விசாரித்தால் இப்போதைய நிலவரம் சொல்வார்கள்.

விசாரணை நாள்

பெரும்பாலும் சூமில்தான். ஆட்சேபங்களையும் படங்களையும் அறிவித்தலில் சொன்ன கெடுவுக்குள் போர்டுக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்பியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் அறிவித்தல் வந்த உடனேயே போர்டிடம் கேளுங்கள், அன்றைக்கு நின்று கேட்டால் நடக்காது. விசாரணை நாளன்று இலவச ஆலோசனை தரும் டியூட்டி கவுன்சலும் இருக்கிறார். நீங்கள் வராவிட்டாலும் விசாரணை நடக்கும், உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

சமரசம் பேசக் கூப்பிட்டால் போங்கள். என் கருத்தில், ஒரு ஏஜிஐ முழுவதையும் விழுத்துவது அரிது. சில பில்களை வெட்டி வீதத்தைக் குறைப்பதுதான் கைக்கு எட்டுகிற வெற்றி. நீங்கள் பில் பில்லாக ஆட்சேபம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணியின் குரலே மாறும். எங்கள் ஒன்பது சதவீதம் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. லொபிக் கல் முழுதாகப் போனது. ஒரு நிபந்தனை மட்டும்: இதை ஏற்றுக்கொண்டால் பராமரிப்புக் குறைகளைப் பற்றிப் பிறகு வாயே திறக்க மாட்டோம் என்ற வரி ஏதாவது உடன்படிக்கையில் இருந்தால் சட்ட உதவி நிலையத்தைக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

வருமான அடிப்படை வாடகை வீட்டில் இருப்பவர்கள்

உங்களுக்கு கைட்லைனும் இல்லை, ஏஜிஐயும் இல்லை. வீட்டாரின் தேறிய வருமானத்தில் 30 சதவீதம் என்பதுதான் அடிப்படை. வாடகை திடீரென ஏறினால் காரணம் பெரும்பாலும் வருமானக் கணக்கில்தான் இருக்கும். யாரோ ஒருவர் வரித்தாக்கல் செய்யவில்லை, வேலை போனதை அறிவிக்கவில்லை, முழுநேரம் படிக்கும் பிள்ளையின் பகுதிநேரச் சம்பளத்தையும் சேர்த்துவிட்டார்கள். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிழை என்றால் கடிதத்தில் சொல்லப்பட்ட கெடுவுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். போர்டுக்குப் போக வேண்டாம், இந்தக் கணக்கைத் திருத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

தீர்ப்பு வந்த பிறகு

நிலுவையைத் தனிக் கணக்கில் இருந்து எடுத்துக் கட்டுங்கள். அப்புறம் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். மூலதன வேலைக்காகக் கூட்டிய தொகை என்றென்றைக்கும் அல்ல. எலிவேற்றருக்கும் பல்கனிக்கும் எத்தனை வருட ஆயுள் என்று போர்ட் கணக்கிட்டிருக்கும். அந்த வருடங்கள் முடியும்போது நீங்கள் அதே வீட்டில் இருந்தால், அதற்காகக் கூட்டியதை வாடகையில் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைய வேண்டும், எந்தத் திகதியில் என்பது தீர்ப்பிலேயே இருக்கும். வீட்டுக்காரர் நினைவுபடுத்துவார் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், அதற்குள் கட்டடம் இரண்டு கை மாறியிருக்கும். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து எங்கள் குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். பிக்கரிங் போக வெளிக்கிட்ட அக்காவும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். அவர் இன்னமும் நான்காம் மாடியில்தான் இருக்கிறார்.